அருள்மலர் சொன்ன 'நோ'

போன கிழமை அப்டன் பார்க்கில் மீன்கடை வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பி, "அக்கா, அந்தக் கையை விட்ட மனுசி இப்ப எங்க இருக்கிறா?" என்று கேட்டாள். விளைமீன் என்ன விலை என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள். பதினொரு வருடம் ஆகிறது. மூன்று நீதிபதிகள் இருந்து தீர்த்துவைத்த விஷயம். இன்னும் அந்தப் பட்டப்பெயர் போகவில்லை. வந்த ஆத்திரத்தில் மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்து, குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த மனுசிக்கு ஒரு பெயர் இருக்கிறது. அருள்மலர். இப்போது தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் தனியாக இருக்கிறாள். லண்டனில் இத்தனை இடம் இருக்க, இப்படியொரு பெயருள்ள இடத்துக்கா போகவேண்டும் என்று ஒருமுறை பகிடியாகக் கேட்டேன். "வேற என்ன அக்கா இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பகிடியைச் சொல்வதில்லை.

மன்னாரில் பிறந்தவள். 1985இல் கணவன் கஸ்பரோடும் நாலு வயது மகளோடும் லண்டனுக்கு அகதியாக வந்தாள். மகளின் பெயர் பியற்றிஸ். கிறீன் ஸ்ட்ரீட்டில் சேலைக்கடை ஒன்றுக்கு மேல்மாடியில் பரமேஸ்வரன் என்ற தமிழ் சொலிசிட்டரின் அலுவலகம் இருந்தது. அங்கே டைப் அடிப்பது, கோப்புப் பார்ப்பது, ஆட்களின் கண்ணீரைத் துடைப்பது எல்லாம் நான்தான். ஹோம் ஒபிஸ் படிவம் நிரப்ப வந்த நாளிலிருந்து அருள்மலர் எனக்குப் பழக்கம். நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரி, அவள் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கப் பெண். கொழுக்கட்டை அவித்தால் அவளுக்கு நாலு போகும். நத்தாருக்கு அவள் வீட்டுக் கேக் எனக்கு வரும்.

ஆஸ்பத்திரி ஒன்றின் லோன்றியில் அவளுக்கு வேலை. "ஒரு நாளைக்கு எண்ணூறு படுக்கை விரிப்பு மடிக்கிறன் அக்கா, என்ர கட்டில்தான் மடிக்காமல் கிடக்கு" என்று சொல்லிச் சிரிப்பாள். அப்போதெல்லாம் சிரிப்பாள். ஆங்கிலத்தை அந்த லோன்றியிலேயே காதால் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். இயந்திரச் சத்தத்துக்குள் வேலை செய்கிறவளுக்கு நீட்டிக் கதைக்க வழியில்லை. யெஸ், நோ, பினிஷ், டுமாரோ. அது போதுமாக இருந்தது.

கஸ்பரின் ஆங்கிலம் வேறு. அவன் பத்து வருடம் கப்பலில் வேலை செய்தவன். இங்கே பெற்றோல் ஷெட்டில் காசாளன். தெருவில் பாதிப் பேருக்குக் கடிதம் வாசித்துச் சொல்பவன் அவன்தான். மனைவியின் ஆங்கிலத்தை நாலு பேருக்கு முன்னால் திருத்துவான். அவள் நாக்கை நீட்டிக் காட்டுவாள். மகள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பாள். கஸ்பர் கெட்டவன் என்று நான் சொல்ல வரவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலிக்காது.

1987 நவம்பரில் ஒரு புதன்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வந்த அருள்மலர், தெரு முனையில் நடைபாதை விளிம்பில் நின்றாள். தளபாடக் கம்பனி ஒன்றின் வான் வண்டி பக்கத்துத் தெருவிலிருந்து திரும்பியது. ஓட்டியவன் எந்த வீட்டுக்குச் சாமான் இறக்கவேண்டும் என்று மடியிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டு திரும்பியிருக்கிறான். முன்சில்லு நடைபாதையில் ஏறிப் பிள்ளையை அடித்து இழுத்துக்கொண்டு போனது. அருள்மலர் மற்றப் பக்கம் விழுந்தாள். பியற்றிஸ் அம்புலன்சில் இறந்துபோனாள். ஆறு வயது.

வானோட்டி கவனமில்லாமல் ஓட்டியதை மஜிஸ்திரேட்டுக்கு முன்னால் ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினான். அவனும் அழுதானாம். அழட்டும். ஆனால் கம்பனியின் பக்கம் வேறு கதை சொன்னது. பிள்ளை றோட்டில் இறங்கியது, தாய் கையைப் பிடித்திருக்கவில்லை, ஆகையால் தாயிலும் பிழை உண்டு என்றார்கள். நட்டஈட்டுத் தொகையைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை. கஸ்பர் பரமேஸ்வரன் சேரிடம் கேட்டது ஒன்றுதான்.

"ஆரில பிழை எண்டு ஒருத்தர் எழுத்தில தரவேணும் ஐயா. எனக்கு அது போதும்."

வழக்கு 1989 மார்ச்சில் கவுன்ரி கோர்ட்டுக்கு வந்தது. அதற்கு முதல்நாள் அருள்மலர் பயந்துபோய் என்னிடம் வந்தாள். நான் பெரிய சட்டம் தெரிந்தவள் மாதிரி அவளுக்குப் புத்தி சொன்னேன்.

"கனக்கக் கதைக்காதேங்கோ அருள்மலர். கனக்கக் கதைச்சால் சிக்கவைப்பினம். கேட்டதுக்கு ஓம் எண்டால் யெஸ், இல்லையெண்டால் நோ. அவ்வளவுதான். மேல ஒரு சொல்லும் வேண்டாம்."

இந்தப் புத்தியைச் சொன்னது நான். வேறு யாருமில்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

வழக்கன்று நான் போகவில்லை. அலுவலகத்தில் ஏதோ அவசர வேலை. என்ன வேலை என்று இன்று எனக்கு ஞாபகமில்லை. மொழிபெயர்க்க நீதிமன்றம் ஒழுங்குசெய்த ஆள் வந்திருக்கிறார். அவருக்குத் தெரிந்தது குஜராத்தி. நாங்கள் எல்லாரும் ஒரே நிறம்தானே, ஒரே பாஷையாகத்தான் இருக்கும் என்று யாரோ நினைத்துவிட்டார்கள். வேறு ஆளைத் தேடுவதென்றால் வழக்கு இன்னும் ஒன்பது மாதம் தள்ளிப்போகும். ஆங்கிலத்தில் சமாளிப்பீர்களா என்று நீதிபதி கேட்டார். பரமேஸ்வரன் சேர் தலையாட்டினார். அருள்மலர், "யெஸ்" என்றாள். வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. வானோட்டியில் பாதிப் பிழை, தாயில் பாதிப் பிழை. கையைப் பிடித்திருக்கவில்லை என்று தாயே சத்தியத்தின்மேல் ஒப்புக்கொண்டார் என்று நீதிபதி சொன்னார். அருள்மலருக்கு அந்த வேகமான ஆங்கிலம் பாதிதான் விளங்கியது. தன்னை நம்பவில்லை என்று மட்டும் தெரிந்தது. பின் வரிசை வாங்கில் இருந்த கஸ்பருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

அதுவரை கஸ்பர் அவளைச் சந்தேகித்ததில்லை. விபத்து நடந்த அன்றே அவள் அவனிடம் சொல்லியிருந்தாள், கையைப் பிடித்திருந்தேன், விடவில்லை என்று. அவனும் நம்பியிருந்தான். ஆனால் வேதப்புத்தகத்தில் கை வைத்தவள் பொய் சொல்லமாட்டாள் என்பதும் அவனுடைய நம்பிக்கை. அப்படியானால் வீட்டில் சொன்னதுதான் பொய். பாவம், அவன் கணக்கு அப்படிப் போனது.

"நான் விடேல்லை. பிடிச்சுக்கொண்டுதான் நிண்டனான்" என்று அவள் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள்.

"கோட்ஸில சத்தியம் பண்ணிச் சொன்னதை இஞ்ச வந்து மாத்திச் சொல்லாத, அருள்."

"கோட்ஸிலயும் அதைத்தானே சொன்னனான்!"

"நான் என்ர காதால கேட்டன்."

அதற்குமேல் அவன் கதைக்கமாட்டான். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளும் திருப்பி ஏசி, இரண்டு பேரும் சேர்ந்து அழுது, ஏதோ ஒரு வழி பிறந்திருக்கும். அவன் தன் சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டான். பிள்ளையின் படத்துக்கு முன்னால் தனியாகச் செபமாலை சொன்னான். இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு மெல்ல மெல்ல நின்றது. அவர்கள் பூசைக்குப் போகிற கோவிலடியிலும் விஷயம் பரவியது. 'கையை விட்ட மனுசி' என்ற பெயர் அந்த நாளில் வந்ததுதான்.

வைகாசியில் ஒரு மத்தியானம் அவள் அலுவலகத்துக்கு வந்து என் மேசைக்கு முன்னால் இருந்தாள். வலது கையை மடியில் வைத்து, விரல்களை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"கலா அக்கா, ஜட்ஜும் சொல்லுறார். இவரும் சொல்லுறார். எல்லாரும் பிழையாச் சொல்லுவினமே? நான் விட்டிட்டனோ?"

"அதையெல்லாம் யோசிக்காதேங்கோ. தேத்தண்ணி குடிக்கிறியளே?" என்றேன்.

அவள் கேட்டதற்கு நான் சொன்ன மறுமொழி அதுதான். ஒரு தாய் தன்னுடைய கையையே நம்பமுடியாமல் வந்து கேட்கிறாள், நான் தேத்தண்ணி ஊற்றுகிறேன். புரட்டாதியில் அவள் உடுப்பை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு, அதே தெருவில் லூர்தம்மா என்ற விதவையின் வீட்டு மேலறைக்குப் போய்விட்டாள்.

நவம்பரில் முடிந்த வழக்குகளின் கோப்புகளைக் கட்டிக் கிடங்குக்கு அனுப்புகிற வேலை எனக்கு. அருள்மலரின் கோப்பு கையில் வந்தபோது கட்டாமல் திறந்தேன். எங்கள் பக்கப் பாரிஸ்டர் விசாரணையின்போது கைப்பட எழுதிய குறிப்பு உள்ளே இருந்தது. கேள்வியும் பதிலுமாக எழுதியிருந்தார். மற்றப் பக்கத்துப் பாரிஸ்டர் கேட்டிருக்கிறார், "அப்படியானால் நீங்கள் பிள்ளையின் கையைப் பிடித்திருக்கவில்லை?" அருள்மலர் சொல்லியிருக்கிறாள், "நோ." அவர் மறுபடி கேட்டிருக்கிறார், "பிடித்திருக்கவே இல்லை?" அவள் சொல்லியிருக்கிறாள், "நோ, நோ."

நான் அந்த இரண்டாவது 'நோ, நோ'வை வாயால் சொல்லிப் பார்த்தேன். அருள்மலரின் குரலில் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நாங்கள் எப்படிக் கதைப்போம்? 'நீ சாப்பிடேல்லையோ' என்று யாராவது கேட்டால், சாப்பிட்டவள் 'இல்லை, சாப்பிட்டிட்டன்' என்பாள். சாப்பிடாதவள் 'ஓம், சாப்பிடேல்லை' என்பாள். கேட்டவர் சொன்னது சரியென்றால் ஓம், பிழையென்றால் இல்லை. ஆங்கிலத்தில் அப்படியில்லை. கையைப் பிடிக்கவில்லையா என்று கேட்டு 'நோ' என்றால், பிடிக்கவில்லை என்று அர்த்தம். அவள் 'நீங்கள் சொல்லுறது பிழை, நான் பிடிச்சிருந்தனான்' என்று சொன்னாள். இரண்டாவது தரம் அழுத்தியும் சொன்னாள். 'மேல ஒரு சொல்லும் வேண்டாம்' என்று நான் சொல்லியிருக்காவிட்டால், அந்த 'நோ'வுக்குப் பின்னால் 'ஐ ஹோல்ட்' என்று இரண்டு சொல் வந்திருக்கும்.

உடனே லூர்தம்மா வீட்டுக்கு போன் அடித்தேன்.

"அருள்மலர், நான் இங்கிலீஷில ஒண்டு கேக்கிறன். நீங்களும் இங்கிலீஷில சொல்லுங்கோ." பிறகு ஆங்கிலத்தில் கேட்டேன், நீ லோன்றியில் வேலை செய்யவில்லை?

"நோ" என்றாள் உடனே. "ஐ வேர்க்."

அன்று பின்னேரம் அவளிடம் போய் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். என் புத்திமதியின் பங்கையும் மறைக்காமல் சொன்னேன். அவள் என்னைக் கோபிக்கவில்லை.

"அப்ப எனக்கு விசர் பிடிக்கேல்லை, என்ன அக்கா?" என்றாள்.

அடுத்தநாள் பெற்றோல் ஷெட்டுக்குப் போய்க் கஸ்பரிடமும் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பொறுமையாகக் கேட்டான். பிறகு தலையை ஆட்டினான்.

"நீங்கள் அவளில இரக்கப்பட்டுக் கதைக்கிறியள் அக்கா. இங்கிலீஷ் எனக்கும் தெரியும். கோட்ஸ் எழுதினதுதான் எழுத்து. அவை மாத்தி எழுதட்டும், நான் நம்புறன்."

தமிழ்ப் பெண் சொன்ன 'நோ'வைத் தமிழனான அவன் ஆங்கிலேயனைப் போலவே கேட்டிருக்கிறான். அவ்வளவு நல்ல ஆங்கிலம் அவனுக்கு. வாய்க்கு வந்தபடி ஏதாவது சொல்லியிருப்பேன், பின்னால் ஒரு லொறிக்காரன் ஹோர்ன் அடித்துவிட்டான்.

ஆக, நீதிமன்றம் எழுதியதை நீதிமன்றம்தான் மாற்றவேண்டும். கோப்பைக் கொண்டுபோய்ப் பரமேஸ்வரன் சேரின் மேசையில் போட்டேன். அவர் விதிகளோடு வாழ்ந்த மனிதர். முத்திரை ஒரு பக்கம் சரிந்து ஒட்டியிருந்தால் கடிதத்தைத் திருப்பித் தருவார்.

"அப்பீலுக்கு நாலு கிழமை, கலாவதி. இப்ப எட்டு மாசம். நாலு கிழமை எங்க, எட்டு மாசம் எங்க?"

"அப்ப விட்டுவிடுறதே?"

"அது மட்டுமில்லை. முதல் வழக்கில கொண்டுவந்திருக்கக்கூடிய சாட்சியத்தை அப்பீலில புதுசாக் கொண்டுவர ஏலாது. அது விதி. விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேக்கலாம். கேக்கிறதெண்டால் காரணம் சொல்லவேணும். ஏன் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வழக்கை நடத்தினது, ஏன் இவ்வளவு நாளும் ஒருத்தரும் கவனிக்கேல்லை எண்டு சொல்லவேணும்."

"சொல்லுங்கோவன்."

"அந்தக் காரணம் நான்தான்" என்றார். கோப்பை மூடினார்.

அன்று அவரை மனதுக்குள் எவ்வளவு திட்டினேன் என்று எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. ஆனால் திங்கட்கிழமை காலையில் அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். ஐந்து பக்கம் தன் கையால் எழுதியிருந்தார். சத்தியக்கடதாசி. வேறு மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருக்காமல் வழக்கை நடத்தியது தன் தவறு, கட்சிக்காரியின் பதிலைச் சரியாக விளங்கிக்கொள்ளாதது தன் தவறு, தமிழ் தன் தாய்மொழியாக இருந்தும் கவனிக்காதது தன் வெட்கம் என்று எழுதியிருந்தார். 'வெட்கம்' என்ற சொல் சட்ட எழுத்தில் வராது சேர் என்றேன். "கிடக்கட்டும், டைப் அடியும்" என்றார். அவரை நான் முன்பு திட்டியதில் பாதியை அன்றோடு திரும்ப எடுத்துக்கொண்டேன்.

தமிழில் 'இல்லை' எப்படி வரும் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். நான் அலுவலகத்து ஆள், என் சொல் செல்லாது. கடைசியில் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ் படிப்பிக்கும் வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர் எழுதித் தந்தார். எங்கள் வாயில் இருக்கிற சொல்லுக்கு அவரிடம் சான்றிதழ் வாங்கினோம். நல்ல மனிதர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கோபம் பொதுவாகத்தான்.

1990 ஐப்பசியில், ஸ்ட்ராண்டில் இருக்கிற பெரிய நீதிமன்றத்தில் விசாரணை. மூன்று நீதிபதிகள். காலம் கடந்த அப்பீலை ஏற்பதா, புதுச் சாட்சியத்தைப் பார்ப்பதா, பார்த்தால் என்ன முடிவு, எல்லாவற்றையும் ஒன்றாகவே கேட்பதாகச் சொன்னார்கள். நான் அருள்மலருக்குப் பக்கத்தில் இருந்து காதோடு காதாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். கஸ்பர் வரவில்லை. ஷிப்ட் என்று சொல்லிவிட்டான்.

மற்றப் பக்கத்துப் பாரிஸ்டர் எழும்பி நல்ல மரியாதையாகத்தான் பேசினார். தாயின் துயரம் எல்லாருக்கும் விளங்குகிறது, ஆனால் காலக்கெடு என்று ஒன்று இருக்கிறது, எட்டு மாதம் கழித்து ஒரு சொல்லின் அர்த்தத்தைக் கிளறலாம் என்றால் எந்த வழக்கும் முடியாது என்றார். நியாயமான பேச்சு.

நடுவில் இருந்த நீதிபதி மற்றவர்களைவிட வயதானவர். முதல் விசாரணைக் கோப்பிலேயே விபத்து இடத்துக்கு வந்த பொலிஸ்காரரின் குறிப்புப் புத்தகம் இருக்கிறதே, ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லையே என்றார். பிறகு பாரிஸ்டரிடம், "நாங்கள் அதைப் பார்ப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?" என்று கேட்டார்.

"நோ, மை லோர்ட்."

"இது ஆங்கில 'நோ' என்று எடுத்துக்கொள்கிறேன்" என்றார் நீதிபதி.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அருள்மலர் என் கையைச் சுரண்டினாள்.

"என்ன சொன்னவை அக்கா? ஏன் சிரிக்கினம்?"

"ஒண்டுமில்லை" என்றேன்.

நீதிபதி அந்தப் பக்கத்தை வாசித்தார். பொலிஸ்காரர் அந்த இடத்திலேயே எழுதியது. தாய் நடைபாதையில் கிடந்தார். வலது கை மூடியிருந்தது. அம்புலன்ஸ் ஆள் விரல்களை ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டியிருந்தது. உள்ளே பிள்ளையின் கம்பளிக் கையுறை ஒன்று இருந்தது. மற்றக் கையுறை பிள்ளையின் கையில் இருந்தது.

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. தாயே ஒப்புக்கொண்டாள் என்றான பிறகு இந்தப் பக்கத்தை ஒருவரும் புரட்டவேயில்லை. இதை நான் அவளுக்குத் தமிழில் சொல்லவேண்டும். ஆனால் 'குளோவ்' என்ற சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது. லோன்றியில் தினமும் போடுகிற சாமான்.

"அவள் கையை இழுக்கேல்லை அக்கா" என்றாள் மெதுவாக. "வான்தான் இழுத்தது. நான் விடேல்லை, கழண்டு வந்திட்டுது."

நீதிபதிகள் மூன்று பேரும் தங்களுக்குள் கொஞ்சம் குனிந்து கதைத்தார்கள். பிறகு வயதானவர் தீர்ப்புச் சொன்னார். வழக்குகள் ஒரு நாள் முடியவேண்டும் என்பதற்காகத்தான் காலக்கெடு, அதை இலேசில் தளர்த்துவதில்லை என்று தொடங்கினார். ஆனால் இந்தப் பெண் ஒன்று சொன்னாள், நீதிமன்றம் அதற்கு நேர்மாறானதை எழுதிக்கொண்டது, அவள் சொன்னது இன்னும் கேட்கப்படவேயில்லை, கேட்காத வழக்கை முடிந்ததென்று சொல்லமுடியாது என்றார். காலத்தை நீட்டினார்கள். புதுச் சாட்சியத்தை ஏற்றார்கள். தாயில் பிழை என்று எழுதிய பகுதியை முழுதாக நீக்கினார்கள். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி அவளை நேரே பார்த்து, "நீங்கள் உங்கள் மகளின் கையைப் பிடித்திருந்தீர்கள். இந்த நீதிமன்றம் அப்படியே முடிவு செய்கிறது" என்றார்.

இதை நான் சொல் பிசகாமல் அவளுக்குச் சொன்னேன். அவள் எழும்பி அவருக்குக் கும்பிட்டாள். வெளியே வந்து படிக்கட்டில் இருந்து ஒரு மணித்தியாலம் அழுதாள். மூன்று வருடமாக அழாத அழுகை. பரமேஸ்வரன் சேர் கொஞ்சம் தள்ளி மற்றப் பக்கம் திரும்பி நின்றார்.

தீர்ப்பு எழுத்தில் வர இரண்டு கிழமை ஆனது. வந்த அன்றே ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பெற்றோல் ஷெட்டுக்குப் போனேன். கஸ்பர் நின்றபடியே வாசித்தான். காசு கட்ட வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள், அவன் தலை நிமிரவில்லை. கையுறை வருகிற பக்கத்தில் அப்படியே கதிரையில் இருந்துவிட்டான். முதலாளியிடம் சொல்லாமல்கூட என்னோடு வெளியே வந்தான். லூர்தம்மா வீடு வரைக்கும் நடந்தோம். எனக்குச் சந்தோசமாக இருந்தது. மறைப்பானேன், இரண்டு பேரையும் சேர்த்துவைத்தேன் என்ற பெருமைகூட வந்தது.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். அருள்மலர் இரண்டு மணி ஷிப்டுக்கு உடுத்திக்கொண்டு, குசினி மேசையில் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். கஸ்பரைக் கண்டதும் லூர்தம்மா கேத்திலை வைத்துவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு நடைக்கு வந்தார். கதவு திறந்துதான் கிடந்தது.

அவன் அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். தீர்ப்புக் காகிதத்தை அவளிடம் நீட்டினான்.

"என்னை மன்னிச்சுக்கொள் அருள். நீ பிடிச்சுக்கொண்டுதான் நிண்டனி எண்டு எழுதியிருக்கினம். அந்த நோவை அவையும் பிழையா விளங்கிப்போட்டினம், நானும் பிழையா விளங்கிப்போட்டன். எல்லாம் அந்த இங்கிலீஷால வந்தது."

அவள் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன்.

"அவைக்கு நான் இங்கிலீஷில சொன்னனான், விளங்கேல்லை" என்றாள். "உங்களுக்கு நான் தமிழிலதானே சொன்னனான்."

சாப்பாட்டுப் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, எங்களைக் கடந்து வேலைக்குப் போனாள்.